மலையை வைத்துப் பிரித்தார்கள், எதிரியை வைத்துச் சேர்த்தேன்

வேங்கிக்காலில் இன்று நீங்கள் சாவி போட்டுத் திறக்கிறீர்களே, அந்தக் கபடி மைதானம் ஒரு காலத்தில் வேலிகாத்தான் முள்ளு. பாம்புக்குப் பயந்து ஆடு மேய்ப்பவன்கூட உள்ளே போக மாட்டான். அதை வெட்டிச் சமன் செய்தவன் நான். சுற்றி நிற்கும் கேலரி என் ஆட்கள் கட்டியது. விளக்குக் கம்பம் நட்டது நான். மண்ணில் முட்டி தேய்த்துக்கொண்டிருந்த பையன்களை மேட் விரித்து ஆட வைத்தது நான். கபடி ஆடுகிறவனுக்கும் மாதச் சம்பளம் உண்டு என்று இந்த மாவட்டத்தில் முதலில் சொன்னதும் நான்தான். சொன்ன அன்று டீக்கடையில் ஒருவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். அவருடைய பேரன் இன்று அதே சம்பளம் வாங்குகிறான்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கார்த்திகை தீபக் கூட்டத்துக்குத் தடுப்பு கட்டச் சவுக்குக் கம்பு சுமந்தவன் நான். சுமந்தவன் மேஸ்திரி ஆனேன், மேஸ்திரி பந்தல் கான்ட்ராக்டர் ஆனேன், பந்தல்காரன் லீக் நடத்தினேன். கம்பில் கை வைத்தால் அந்தப் பக்கம் கூட்டம் எவ்வளவு அழுத்துகிறது, எப்போது சாயும் என்று எனக்குத் தெரியும். இதற்கு எந்தக் காலேஜிலும் வகுப்பு கிடையாது.

லீக் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! அடுத்த சீசனுக்கு இன்னும் இரண்டு ஊர்கள் அணி இறக்குவதாகவும், பிரிவுகளை மாற்றிப்போட நீங்கள் கம்ப்யூட்டரில் வரைபடம் விரித்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதை ஒரு நிமிடம் மூடி வையுங்கள். முதல் தடவை பிரிவு போட்டபோது இந்த லீக் செத்துப் பிழைத்தது. பிழைக்க வைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எட்டு அணிகள். கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலை, செங்கம், தண்டராம்பட்டு, போளூர், ஆரணி ஆகிய ஆறும் பழையவை. வேங்கிக்காலும் சேத்துப்பட்டும் அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவை. எல்லோரும் எல்லோரோடும் இரண்டு தடவை ஆட வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆறு அணிக்கு அது சரி. எட்டு ஆனால் பையன்கள் மேட்டில் இருக்கும் நேரத்தைவிட வேனில் இருக்கும் நேரம் ஜாஸ்தி ஆகிவிடும். அதனால் நாலு நாலாக இரண்டு பிரிவாக்குவது என்று முடிவானது. பிரிவுக்குள் மட்டும் ஆட்டம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள்தான் அரையிறுதியில் அடுத்த பிரிவுக்காரனைப் பார்ப்பார்கள்.

எப்படிப் பிரிப்பது? நம் ஊர்க்காரர்கள் வேறு எதை வைத்துப் பிரிப்பார்கள், மலையை வைத்துத்தான். மலைக்குக் கிழக்கே ஒரு பிரிவு, மேற்கே ஒரு பிரிவு. கமிட்டியில் யாரோ இப்படிச் சொன்னதும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மலையின் பெயரைச் சொன்ன பிறகு எவன் எதிர்த்துப் பேசுவான்? நான் அன்று ஆரணியில் கேலரி கட்டிக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அணிகளுக்கு அறிவிக்கும் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடி மாதம், மண்டபம் சும்மாக் கிடந்தது. மேடையில் மணமக்கள் உட்காரும் இரண்டு சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே இருந்தன. தலைவர் அவற்றுக்கு முன்னால் நின்று வாசித்தார். கிழக்கே: கீழ்பென்னாத்தூர், ஆரணி, வேங்கிக்கால், சேத்துப்பட்டு. மேற்கே: அடி அண்ணாமலை, போளூர், செங்கம், தண்டராம்பட்டு.

வாசித்து முடித்ததுதான் தாமதம், போளூர்க்காரர்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். "ஆரணியோட ஆட்டம் இல்லன்னா எங்களுக்கு இன்னாத்துக்கு டீமு?" என்று ஒருவன் கத்த, "வாங்கினது பத்தலையாடா?" என்று ஆரணிக்காரன் பதில் கொடுக்க, மைக் ஊளையிட்டது. தலைவர் என்னைப் பார்த்தார். ஏதாவது பஞ்சாயத்து என்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

நான் போளூர் பக்கம் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது ஒரு நடுவர். எங்கேயும் தன் பெயர் வரக் கூடாது என்பார், அதனால் இங்கேயும் போடவில்லை. ஒருமுறை கூட்டம் மேட்டுக்குள் இறங்கியபோது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அமைதியாக நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "கத்தறவன் எங்கயும் போவ மாட்டான்டா, கத்தி முடிச்சா உக்காந்துக்குவான். கத்தாம எழுந்து போறான் பாரு, அவன் பின்னாடி ஓடு." அவரைப் போல ஒரு கண் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையை அன்று பிடித்துக்கொண்டேன்.

கத்தாமல் எழுந்து போனது ஏழுமலை. அடி அண்ணாமலை அணியின் மேலாளர். கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறவர், அந்தக் காலத்தில் நல்ல ரெய்டர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியில் சாவி போட்டிருந்தார்.

"இன்னா ஏழுமலை, பாதியிலயே கெளம்பிட்ட?"

"அதான் முடிஞ்சிடுச்சேணா. டீமைக் கலைக்கறதுன்னா பசங்க கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும் இல்ல."

"உன்னை யாருய்யா கலைக்கச் சொன்னது?"

"மலையே சொல்லிடுச்சாமே, உள்ள படிச்சாங்களே." சிரித்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. "எங்களுக்கு பனியன்ல இருந்து பஸ் வரைக்கும் ஒரு ஓட்டல்காரரு குடுக்கறாரு. எதுக்குக் குடுக்கறாரு? கீழ்பென்னாத்தூரோட ஆடறோம்னு குடுக்கறாரு. அந்த ஆட்டத்தன்னிக்கு எங்க ஊர்ல கடையைச் சாத்திட்டு வந்து உக்கார்றான். செங்கத்தோட ஆடறதைப் பாக்க எங்க மாமனே வர மாட்டான்ணா."

"பசங்க?"

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்குப் போயிடுவானுங்க. போனவன் திரும்ப மேட்ல கால் வெக்க மாட்டான்."

அதுதான் விஷயம். போளூர் சத்தம் போட்டது ஆசைக்கு. ஏழுமலைக்கு அது உயிர். அந்த அணி போனால் எட்டில் ஒன்று போனது மாதிரி இல்லை, லீக்கில் கூட்டம் சேர்க்கிற ஆட்டமே போய்விடும். நான் வண்டியிலிருந்து சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"குடுணா."

"உள்ள வா, தரேன்."

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். கீழ்பென்னாத்தூர் அணியின் உரிமையாளர் அம்மா. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் வைத்திருக்கிறவர், நாங்கள் எல்லோரும் மில்லுக்காரம்மா என்போம். அந்தப் புதுப் பிரிவால் கொள்ளை லாபம் அடைந்தது அவர்தான். அவருடைய அணியைத் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்தது அடி அண்ணாமலை ஒன்றுதான். அது மேற்கே போய்விட்டால் கிழக்கே அவருக்கு எதிரே நிற்க ஆளே இல்லை. அதற்கு முந்தைய சீசன் இறுதி ஆட்டத்தில் ஏழுமலையின் அணியிடம் தோற்றுவிட்டு, கேலரியில் முந்தானையால் முகத்தை மூடி அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா இப்போது இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏழுமலை, நீ போயிட்டா நான் யாரைத் தோக்கடிக்கறது?"

"யாரையும் தோக்கடிக்க வேணாம்மா. கப்பு தானா வூடு தேடி வரும்."

"கப்புதான் வேணும்னா பாத்திரக் கடையில வாங்கி அலமாரியில வெச்சிக்க மாட்டேனா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பந்தல்காரரே, எங்க டீமை மேக்கால எழுதிக்குங்க."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, யோசிச்சு சொல்லுங்க. செங்கம், தண்டராம்பட்டுன்னு உங்க வண்டி இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு ஓடும். கிழக்கால நின்னா ஆடாமலே அரையிறுதி."

"ஆடாம வர்ற அரையிறுதிய வெச்சிக்கிட்டு மில்லுல பொம்பளைங்க முன்னாடி எப்படிங்க நிப்பேன்? அத்தினி பேரும் ஏழுமலை டீமைத்தான் கேப்பாளுங்க, இந்த வருசமாவது ஜெயிச்சீங்களாம்மான்னு."

நான் பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மந்திரிகளுக்கு மேடை போட்டிருக்கிறேன். தனக்குச் சும்மா வந்த லாபத்தை வாசலில் நின்று, கைதட்ட ஒரு கூட்டமும் இல்லாத இடத்தில், இப்படித் தள்ளிவிட்ட ஆளை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை. தம்பிகளே, லீக் நடத்துகிறவன் சட்டம் எழுதலாம். இந்த மாதிரி ஒருவர் அந்தச் சட்டத்துக்குள் இருந்தால்தான் லீக் நிற்கும்.

ஆனால் நல்ல மனசு மட்டும் பிரிவு போடாது. உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் செங்கம் மேலாளர் பச்சையப்பன் துள்ளி எழுந்தார். "நல்லா இருக்குதே நியாயம்! அவங்க ஊரு யானையைக் கொண்டாந்து எங்க வூட்ல கட்டுவீங்களா?"

"அவங்க மாறலாம்னா நாங்களும் மாறுவோம்" என்றது போளூர். தண்டராம்பட்டும் எழுந்தது. தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்படின்னா யாருக்கும் மாத்தம் இல்ல, படிச்சது படிச்சதுதான்" என்று மைக்கை வைக்கப் போனார். வைத்திருந்தால் கதை முடிந்தது. ஏழுமலை கதவோரம் நின்று என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடம் என் மூளை வேலை செய்தது. மலையைத் தூக்கிவிட்டு வேறு ஏதாவது ஒரு நியாயத்தை அந்த இடத்தில் வைத்தால்தான் ஒருவருக்குச் சலுகை செய்ததாக ஆகாது. மைக்கை வாங்கினேன்.

"எல்லாரும் உக்காருங்க. கெழக்கு மேக்கு எல்லாத்தையும் மறந்துடுங்க. ஒவ்வொரு ஊரும் எழுந்து ஒரே ஒரு பேரு சொல்லணும். எந்த டீமோட ஆடலன்னா உங்க ஊர்ல சோறு எறங்காதோ அந்தப் பேரு. ரெண்டு ஊரு ஒருத்தரை ஒருத்தர் சொல்லிட்டா, அந்த ஜோடியை எந்தக் கமிட்டியும் பிரிக்கக் கூடாது. ஜோடியை வெச்சுப் பிரிவு போடுவோம். சம்மதமா?"

மண்டபம் ஒரு நொடி யோசித்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. சிரித்துவிட்டால் பாதி சம்மதம்.

ஏழுமலை கதவோரத்திலிருந்தே, "கீழ்பென்னாத்தூரு" என்றார். மில்லுக்காரம்மா உட்கார்ந்தபடியே, "அடி அண்ணாமலை" என்றார். போளூரும் ஆரணியும் ஒரே நேரத்தில் ஒருவர் பெயரை ஒருவர் கத்தினார்கள். பச்சையப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "வேற யாரு, தண்டராம்பட்டுதான். பேரைச் சொன்னாலே வாய் கசக்குது" என்றார். "எங்களுக்கும் அப்படித்தான்யா" என்றது தண்டராம்பட்டு.

மூன்று ஜோடி ஆயிற்று. மீதி புது அணிகள் இரண்டும்.

வேங்கிக்கால் செயலாளர் சுகுமார், கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர், மரியாதையாக எழுந்தார். "எங்களுக்கு எல்லாருமே நண்பர்கள்தாங்க" என்றார். மண்டபமே ஊளையிட்டது. அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம், "நாங்க யாரைச் சொன்னாலும் அவங்க எங்களைச் சொல்ல மாட்டாங்களேணா. புதுக் குடித்தனம். எங்களை யாரு எதிரின்னு மதிப்பா?" என்றார். சொல்லும்போது கண் கீழே போனது. சேத்துப்பட்டு மேலாளர் தனசேகர், பைக் மெக்கானிக், அவர் எழுந்திருக்கவே இல்லை. கேட்டதற்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தம்பிகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எதிரி இல்லாத அணி அநாதை. அதைப் பேருக்கு ஒரு பிரிவில் தள்ளினால் இரண்டே சீசனில் காணாமல் போய்விடும். எனக்கு அந்த வெல்வெட் நாற்காலிகள் கண்ணில் பட்டன.

"ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க. அந்த நாற்காலியில உக்காருங்க."

"மாப்ள யாரு, பொண்ணு யாரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். இருவரும் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார்கள்.

"இப்ப ஆளுக்கு ஒண்ணு, எதிராளி டீமைப் பத்திச் சொல்லணும். நல்லதா இருக்கக் கூடாது."

தனசேகர் தயங்கித் தொண்டையைச் செருமினார். "வேங்கிக்கால்ல ஆடறவன் எல்லாம் ஆபீஸ்காரன். ரெய்டுக்குப் போவான், அஞ்சு மணி ஆச்சுன்னா மூச்சை அங்கியே வுட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவான்."

மண்டபம் குலுங்கியது. சுகுமாரின் காது சிவந்தது. நண்பர்கள் என்று சொன்ன வாய், "சேத்துப்பட்டுக்கு இருக்கறதே ஒரு ரெய்டரு. அவனும் பஞ்சர் ஒட்டிட்டு செகண்ட் ஆஃப்லதான் வருவான்" என்றது. தனசேகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "டேய், மேட்ல வாடா பாத்துக்கலாம்!" "வரேன்டா!"

நாலாவது ஜோடி அமைந்தது. பெற்றோர் பார்த்து வைத்த சம்பந்தம் மாதிரி நான் பார்த்து வைத்த பகை.

பிறகு எல்லாம் சுலபம். அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் ஜோடியோடு செங்கம், தண்டராம்பட்டு ஜோடி ஒரு பிரிவு. போளூர், ஆரணி ஜோடியோடு புதிய ஜோடி அடுத்த பிரிவு. யானைக் கவலை தீராத பச்சையப்பனிடம் மில்லுக்காரம்மாவே சொன்னார்: "மொத ஆட்டத்தை உங்க ஊர்லயே வெச்சிக்கலாம் பச்சையப்பா. யானை வந்தா கூட்டம் வரும் இல்ல, உங்க கேலரி ரொம்பட்டும்." பச்சையப்பன் யோசித்துவிட்டு, "கேலரி யாரு கட்றது?" என்றார். "நான் கட்றேன்" என்றேன். ஏழுமலையைக் கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து நாற்காலி இழுத்து உட்கார்ந்தார். எனக்கு அது போதும்.

அந்த சீசனில் அடி அண்ணாமலையும் கீழ்பென்னாத்தூரும் அடி அண்ணாமலை மைதானத்தில் மோதியது பௌர்ணமி கழிந்த ஞாயிறு. பௌர்ணமியன்று அந்த ஊர்ப் பையன் எவனும் கபடி ஆட முடியாது. கிரிவலக் கூட்டத்துக்காக ராத்திரி முழுக்கக் கடையில் நிற்க வேண்டும். இதை உங்கள் கம்ப்யூட்டரில் மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். நான் கட்டிய கேலரியில் கை வைத்துப் பார்த்தேன், கம்பு முனகியது. நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தேன். கடைசி ரெய்டில் ஏழுமலை அணிப் பையன் ஒருவன் மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்து விழுந்தான். கீழ்பென்னாத்தூர் தோற்றது. அந்தத் தோல்வியாலேயே பிரிவில் மூன்றாமிடம், அரையிறுதி இல்லை. கிழக்கே இருந்திருந்தால் கப்பையே தூக்கியிருப்பார்கள்.

நான் பயந்துகொண்டே மில்லுக்காரம்மாவிடம் போனேன். இந்தத் தடவை அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நேராக ஏழுமலையிடம் போனார். "ரொம்ப ஆடாத. அடுத்த வருசமும் டீமை வெச்சிரு. உன்கிட்ட எனுக்குப் பாக்கி கீது." ஏழுமலை ஒரு இளநீரைச் சீவி அவர் கையில் கொடுத்தார். "இது கடன் இல்லம்மா, குடிங்க" என்றார்.

அந்தப் பாக்கி இன்றுவரை தீரவில்லை, மாறி மாறி ஏறிக்கொண்டே இருக்கிறது. அடி அண்ணாமலை அணி இன்றும் இருக்கிறது. ஒரு பையனும் அணி கலைந்து கம்பெனிக்குப் போகவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான்: புது ஊர்கள் இரண்டும் வரட்டும். வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று கடைசியில் பாருங்கள். யாரோடு மோதத் துடிக்கின்றன என்று முதலில் கேளுங்கள். துடிப்பே இல்லையென்றால் உட்கார வைத்து உண்டாக்குங்கள். நாற்காலி வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டு எதிரே நீங்கள் வைத்த பேனரைப் பார்த்தேன். "வேங்கிக்கால் – சேத்துப்பட்டு: பரம்பரைப் பகை!" என்று போட்டிருந்தது. யாருடைய பரம்பரை? அந்தப் பகை பிறந்தபோது மைக் பிடித்திருந்தவன் நான். அதுகூடப் போகட்டும், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் அச்சடித்த ஆண்டு மலரில் லீக் வரலாறு என்ற பக்கத்தில், "காலப்போக்கில் இன்றைய பிரிவுகள் உருவாயின" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பேரனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். காலமா வந்து ஏழுமலையின் சாவியைப் பிடுங்கியது? காலமா சுகுமாரையும் தனசேகரையும் நாற்காலியில் உட்கார வைத்தது?

அந்த வரியை எடுங்கள். வேங்கிக்கால் மைதானத்து ஸ்கோர் போர்டுக்குக் கீழே, கேலரியில் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி இரண்டு வரி எழுதுங்கள். தன் அணியை மேற்கே கொண்டுபோய் இந்த லீக்கைக் காப்பாற்றியவர் கீழ்பென்னாத்தூர் மில்லுக்காரம்மா. ஜோடி சேர்த்துப் பிரிவு போட்டவன் நான். அவர் பெயர் மேலே இருக்கட்டும், அது நியாயம். ஆனால் என் பெயர் அதற்குக் கீழே இருந்தே ஆக வேண்டும், அதே அளவு எழுத்தில். பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன். ஏறி நின்று எழுதச் சாரமும் நானே வந்து கட்டித் தருகிறேன். எழுதுகிற கை மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.